ஒரு ஜோடி பல்பு

ஸ்டூலின் நிழல் விழுந்திருந்தது. அதன் மூன்று கால்களும் பின்னால் தொங்கிய வெள்ளைத் தாளின் அடியில் மெல்லிய சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. அதன் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அவளுடைய கணவருக்கு மட்டும் நிழல் இல்லை.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அவள் வெறும் கண்ணால் பார்த்தாள். காதுக்குப் பின்னால் இல்லை, தோளுக்குப் பக்கத்தில் இல்லை, தாடைக்குக் கீழே கழுத்தில்கூட இல்லை. இரண்டு பக்கமும் நின்ற விளக்குக் குடைகளிலிருந்து பால் மாதிரி வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. புது பல்பின் சூட்டில் பழைய தூசி கருகும் வாசனை அந்த ஜன்னல் இல்லாத அறை முழுக்கச் சுற்றி வந்தது.

"என்ன மேடம், மூக்கு கோணலா இருக்கா? கல்யாணத்தப்பவே பாத்துத்தானே கட்டிக்கிட்டீங்க."

"சும்மா இருங்க. தாளை ஒட்டி நகந்து உக்காருங்க."

அவர் முதுகு தாளில் உரசும்வரை நகர்ந்தார். அந்த நெருக்கத்தில் யாரை உட்கார வைத்தாலும் காது ஓரத்தில் ஒரு கறுப்புப் பிறையாவது விழும். விழவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சும்மாவா? மூன்று வாரமாக அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விளக்கில் ஒன்றின் பல்பு உயிரை விட்ட நாளிலிருந்து, அவள் எடுத்துக் கொடுத்த அடையாள அட்டைப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றின் முதுகிலும் ஒரே சிவப்பு முத்திரை: பின்னணியில் நிழல். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். படம் எடுக்கத் தெரியாதவள் என்று தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. பன்னிரண்டு வருடமாக நடத்தும் ஸ்டுடியோ. அவள் படம் எடுக்க, கணவர் முன்னறையில் அச்சடித்து, வெட்டி, உறையில் போட்டுக் கொடுக்க, இருவருமாகக் கட்டிக் காத்தது.

அந்த விளக்குகளுக்கான பல்பு இப்போது வருவதில்லை. கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தாள். ஒன்று மஞ்சளாக எரிந்தது. ஒரு கன்னம் மட்டும் காமாலை வந்தது போல இருந்தது. இன்னொன்று புது மாதிரி எல்இடி. கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது, படத்தில் வரிவரியாகக் கோடு விழுந்தது. கடைசியில் லைட்டுக் கடைக்காரர்தான் பரணில் இருந்து பெயர் அச்சடிக்காத ஒரு அட்டைப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

"ஏதோ ஒரு ஸ்டுடியோவ காலி பண்ணப்ப மொத்தமா வந்த சரக்கும்மா. எந்த ஸ்டுடியோன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. ஜோடியா இருக்கு, அடியில இருக்கிற பின்னும் சரியா உக்காருது. நாப்பது மணி நேரம் எரியும்."

ஒரு பல்பு போனால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். பழசும் புதுசும் ஒரே நிறத்தில் எரியாது. அதனால் அவளுக்கு ஜோடி கிடைத்ததே பெரிய சந்தோஷமாக இருந்தது. இந்த மாதிரி பல்பைக் கையால் தொடவும் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூட்டில் வெடிக்கும். துணியால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது ஒன்றின் கண்ணாடியில் யாருடையதோ கட்டைவிரல் ரேகை இருந்தது. துடைத்தாள். போகவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. அதற்கப்புறம்தான் அது கண்ணாடியின் உள்பக்கம் இருப்பது தெரிந்தது.

செய்யும்போதே பதிந்திருக்கும் என்று மாட்டிவிட்டாள்.

இப்போதும் அப்படித்தான் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். இரண்டு பக்கமும் வெளிச்சம் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால் நிழல் கரைந்துவிடும். ஸ்டூல் கால் தாழ்வாக இருப்பதால் அதற்கு மட்டும் விழுகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த மதியமே நாற்பத்து மூன்று பேருக்கும் போன் போட்டு, வாங்க, புதுசா எடுத்துத் தர்றேன் என்று கூப்பிட்டுவிட்டாள்.

அன்று இருபது பேர் வந்தார்கள். விளக்கை அணைக்க நேரமே இல்லை. பள்ளிக்கூட டீச்சர், பஸ் டிரைவர், மருந்துக் கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒருவருக்கும் நிழல் விழவில்லை. ஆறு மணிக்குக் கணவர் சமைக்கப் போனார். ஏழு மணிக்கு அவள் விளக்குகளை அணைத்து, பல்பின் அடியில் மார்க்கரால் எட்டு மணி நேரம் என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவர் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் பாதி உரித்த வெங்காயம். இமை முழுசாக மூடியிருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. கை சில்லென்று இருந்தது. வயசாகிறது மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டு கத்தியை மட்டும் மெதுவாக உருவி வைத்தாள்.

காலையில் அவள் கிளம்பும்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு ஸ்டுடியோவுக்கு வந்தவர் தன்னைத்தானே கேலி செய்துகொண்டார்.

"வெங்காயம் உரிச்சிட்டே தூங்குன மொதல் ஆளு நான்தான். கண்ணை மூடித் திறந்தா விடிஞ்சு கெடக்கு."

மிச்சம் இருபத்து மூன்று பேரும் அன்று வந்தார்கள். படம் வாங்க வந்த டீச்சர் போகும்போது நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள். "நேத்து சாயங்காலம் அடுப்புல பால் வச்சேன் ஸ்டுடியோக்கா. அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல. காலையில பாத்தா பாத்திரம் கருகி ஓட்டையே விழுந்திருக்கு. வீடு பத்திக்காம இருந்ததே பெருசு." இவள் தலையாட்டினாள். கையில் வேலை இருந்தது, காதில் முழுதாக விழவில்லை.

ஏழு மணிக்குக் கடைசி ஆளும் போனார். கணவர் வாசற்படியில் சாய்ந்து நின்று, படம் வாங்க வந்த ஒருவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு சொல்றான், சிரிக்கிற மாதிரியும் இருக்கணும், பல்லும் தெரியக் கூடாதாம். நான் சொன்னேன், அதுக்கு நீங்க எங்க வீட்டம்மாகிட்டதான்..."

அவள் சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினாள்.

பேச்சு நின்றது.

முன்னறையின் டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சாதாரண வெளிச்சத்தில் அவர் நின்றார். வாய் பாதி திறந்திருந்தது. கை காற்றில் பாதி தூக்கியபடி. கண் அவளைத்தான் பார்த்தது. இமைக்கவில்லை.

"என்னங்க?"

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கிட்டப் போனாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். மூச்சு இல்லை. கன்னம் தாளைப் போல, சூடும் இல்லாமல் ஈரமும் இல்லாமல் இருந்தது. தண்ணீர் தெளிக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று ஏதோ தோன்ற, கை தானாகப் போய்ச் சுவிட்சைப் போட்டது.

"...பயிற்சி எடுக்கணும்னு!" என்று முடித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா? அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நிழலைச் சொன்னாள், வெங்காயத்தைச் சொன்னாள், இப்போது நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை. அதனால் கேலி செய்யாமல் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"சரி. நான் ஒண்ணு ரெண்டுன்னு எண்றேன். நீ அணைச்சுப் பாரு. நின்னா நின்னுட்டேன்னு ஒத்துக்கிறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

அணைத்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். அவர் உதடு 'நாலு' சொல்லி முடித்த வடிவத்திலேயே இருந்தது. அரை நிமிடத்தில் வெளியே தெருமுனையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அது நிற்கவில்லை. நீளமாக, ஒரே சுருதியில், கிட்ட வந்துகொண்டே இருந்தது. பிறகு இரும்பு நசுங்கும் சத்தம். கண்ணாடி கொட்டும் சத்தம். அலறல்கள்.

சுவிட்சைப் போட்டாள்.

"...அஞ்சு. ஆறு. ஏழு. பாத்தியா? ஒண்ணும் ஆகல." அவர் எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். "சாப்பிடாம வேலை பாத்தா இப்படித்தான் இருக்கும். அதென்ன வெளிய சத்தம்?"

அவர் ஓடினார். அவள் வெளியே போகவில்லை. போகத் தேவையில்லை. மேஜையில் வெட்டி அடுக்கிய படங்களில் மேலேயே பஸ் டிரைவரின் படம் இருந்தது. காக்கிச் சட்டை, வாரிய தலை, பின்னால் மாசு மருவற்ற வெள்ளை. அவருக்குப் பக்கத்தில், மாதிரிக்கு எடுத்து வைத்த டீச்சரின் படம். அவளுக்குப் பக்கத்தில் கைக்குழந்தை. அவள் பரிசோதித்துப் பார்த்த அந்த ஒரு நிமிடம் அவர்கள் எல்லோரும் உறைந்து நின்ற ஒரு நிமிடம்தான்.

குடையை விலக்கி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பல்பைப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ரேகைகள். ஒன்றின் மேல் ஒன்று, இடமே இல்லாமல். கதவுப் பக்கத்து பல்பில் எல்லாம் வலது கை. சுவர்ப் பக்கத்து பல்பில் எல்லாம் இடது கை. சின்னச் சின்னதாக ஐந்து புள்ளி ஓரிடத்தில் இருந்தது. அது குழந்தையினுடையது. அதற்கு மேலே ஒரு கட்டைவிரல், குறுக்கே ஒரு வெட்டுத் தழும்போடு. போட்டோ வெட்டும் கத்தியில் அவர் வாங்கிய தழும்பு. அவளே மருந்து போட்டுக் கட்டிய விரல். அது கண்ணாடியை உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தியிருந்த இடம் வெளுத்திருந்தது.

பதினெட்டு மணி நேரம் முடிந்திருந்தது. மிச்சம் இருபத்திரண்டு.

அன்று இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அச்சு வேலை இருக்கிறது என்று சொல்லி அவரை முன்னறை பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, அவள் விளக்குகளுக்கு நடுவே தரையில் விழித்துக் கிடந்தாள். காலை ஒன்பது மணிக்கு லைட்டுக் கடைக்கு ஓடினாள். சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று சத்தியமே வாங்கிக்கொண்டுதான் போனாள்.

"அதே மாதிரியா? ரெண்டே ரெண்டுதான்மா இருந்துச்சு." கடைக்காரர் நேற்றுதான் வெளியூரிலிருந்து வந்திறங்கிய சரக்கில் பதினோரு பெட்டிகளை அவளுக்காகத் திறந்து வைத்தார். "இது அதைவிட வெள்ளையா எரியும். இது அதைவிட அதிகமா உழைக்கும். பல்பு மாத்துறதுக்குப் போயி ஏம்மா அழுறீங்க?"

வாட்ஸ் சரியாக இருந்தது, பின் சரியாக இருந்தது, நிறம் சரியாக இருந்தது. ஒவ்வொன்றையும் துணியால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமான, வெறுமையான கண்ணாடி. அதற்குள் அவர் இல்லை. எதை எடுத்துப் போய் எங்கே மாட்டி என்ன பயன்? பதினொன்றையும் அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு நினைவுக்கு வந்தது. பாதியாகக் குறைத்தால் பல்பு பல மடங்கு உழைக்கும். இதுவும் பாலபாடம்தான். மூச்சிரைக்க வந்து, இரண்டு விளக்கையும் ஒன்றாக, மெதுவாகக் குறைத்தாள். அறை மஞ்சளானது.

முன்னறையில் அவர் படம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுக்கத்தி கீழே இறங்கவே இல்லையோ என்று தோன்றியது. இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

"எ... ன்... ன... ம்... மா..."

குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது. தலை திரும்பியது. ஒரு இமைப்பு அவள் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் எடுத்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவில் டீச்சர் போய்க்கொண்டிருந்தாள். தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு ஓடினார்கள்.

அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைப்பதற்குள் மதியமாகிவிட்டது. எதிரில் அவள் உட்கார்ந்தாள். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுத்தெழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தாள். கோர்ப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோனது. ஒரு சொட்டு தண்ணீர் அவர் கண்ணோரத்தில் திரண்டு கன்னத்தில் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. இப்படியே வைத்திருந்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். வருடக்கணக்கில்கூட. இந்த மஞ்சள் அறையில், இந்த ஸ்டூலில். இது அவர் இல்லை. வாய் ஓயாமல் பேசும் மனுஷனை மணந்தவள் அவள். அவர் பேச்சு இல்லாத வீட்டில் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒரே ஒரு தடவை. குரலைக் கேட்டுவிட்டு மறுபடி குறைத்துவிடலாம். கணக்குப்படி இன்னும் நேரம் இருக்கிறது. வேகமாக ஏற்றினால்தான் பல்புக்குள் இருக்கும் இழை அறும். மெதுவாக ஏற்றலாம். ரொம்ப மெதுவாக.

இரண்டு திருகையும் இரண்டு கையால் பிடித்தாள். மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். மஞ்சள் வெளுத்தது. அவர் குரல் கிணற்றிலிருந்து ஏறி வந்தது. தோள் நிமிர்ந்தது. இமை பழையபடி அடித்தது. அறை முழுக்க மறுபடி அந்தப் பால் வெளிச்சம்.

"...கேட்டுட்டே இருக்கேன், பதிலே சொல்ல மாட்டேங்குற. ஏம்மா அழுற? யாரு என்ன சொன்னா?" அவர் குரல். அவருடைய குரலேதான். அவள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அவர் குனிந்து சிரித்தார். "அட, எங்க வீட்டு மேடமா இது? நான் இங்கதானே இருக்கேன். உன்ன விட்டுட்டு எங்க போயிடப்..."

சுவர்ப் பக்கத்துக் குடைக்குள் 'டிக்' என்றது.

சின்னச் சத்தம்தான். அந்தப் பக்கம் இருண்டது.

"...போறேன்," என்று முடித்தது வாயின் வலது பாதி.

இடது பாதி சிரிப்பில் நின்றிருந்தது. இடது கண் அவளைப் பார்த்து மலர்ந்தபடி இருந்தது. வலது கண் இமைத்தது. ஒரு தடவை. மறுபடி. அது மெல்ல ஓரமாகத் திரும்பி, தன் மூக்குக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க முயன்றது.



அவர் வலது கை உயர்ந்தது. இருட்டில் முன்பின் தெரியாத ஆளைத் தொடுவது போலத் தயங்கித் தயங்கித் தன் இடது கன்னத்தைத் தொட்டது. காதைத் தொட்டது. தோளைத் தடவிக்கொண்டே இறங்கி, மடியில் கிடந்த இடது கையைக் கண்டுபிடித்தது.

"ஏம்மா," என்றது பாதி வாய். வார்த்தை ஒரு பக்கமாக வழிந்தது. "என்ன ஒட்டி யாரோ உக்காந்திருக்காங்க. யாரும்மா இது?"

தெருவில் யாரோ ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் இன்னும் பலர். கதவுப் பக்கத்து பல்பு மெல்ல முனக ஆரம்பித்தது.

"பாவம், கையெல்லாம் சில்லுனு இருக்கு," என்றார் அவர். அந்தக் கையை எடுத்துத் தன் வலது கைக்குள் பொத்திக்கொண்டு, சூடு வரட்டும் என்று தேய்க்கத் தொடங்கினார்.